இடப்பக்கத்துப் பச்சைக் கோடு

7

"சார், நம்ம மொபெட் போற வேகத்துக்கு, குற்றவாளி மனசு திருந்தி, சரணடைஞ்சு, தண்டனையும் முடிஞ்சு ஊருக்கே போயிருப்பான்," என்றாள் சுகப்பிரியா.

வனமாமலை பிரேக்கைப் பிடித்தார். ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றிருந்தது. அதன் பின்னால் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த பையன்கள் பாதிப் பேர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் ரீசார்ஜ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் வனமாமலையின் துப்பறியும் நிலையம் இருந்தது. பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை விசாரிக்கும் வேலைதான் வரும். சுகப்பிரியா அவருடைய ஒரே உதவியாளர். அதற்கு முன் வல்லம் வடகாலில் ஒரு உதிரி பாகக் கம்பெனியில் ஒப்பந்தத்தில் செக்கிங் வேலை பார்த்தாள். ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. சூப்பர்வைசரைப் பற்றி அவள் சொன்ன ஒரு நகைச்சுவை சூப்பர்வைசர் காதுக்குப் போய்விட்டது.

இன்று விடிந்ததும் படியேறி வந்தவள் கிளியம்மாள். வல்லம் வடகால் பஸ் நிறுத்தத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவள்.

"எம்புள்ள டில்லிபாபுவ போலீசு இட்டுகினு பூட்ச்சு சார். நாளைக்குக் கோர்ட்டாம். அவன் சைக்கிள் கடை வெச்சிகினு கீறான். சைக்கிளக் கெடுத்து ஒரு ஆள முடமாக்கிட்டான்னு கேஸு. உள்ள போய்ட்டு வந்தா அப்பால எவன் சார் அவன நம்பி வண்டி வுடுவான்?"

கேஸ் இதுதான். கம்பெனிப் பையன்களும் உள்ளூர்ப் பையன்களும் சேர்ந்து அவ்வப்போது மவுண்டன் பைக் ரேஸ் நடத்துவார்கள். ஏரிக்கரையில் கிளம்பி, வேலிகாத்தான் முள்காட்டுக்குள் புகுந்து, கைவிட்ட கல்குவாரியில் ஏறி இறங்கித் திரும்ப வேண்டும். ஜெயித்தால் ஒரு கோப்பையும் பிரியாணியும். போன ஞாயிற்றுக்கிழமை ரேஸில் ஆக்சில் கம்பெனித் தொழிலாளி சண்முகசுந்தரம் என்பவனின் முன்சக்கரம் குவாரி இறக்கத்தில் அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கவையான ஃபோர்க்கை விட்டு வெளியே வந்துவிட்டது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. புதன்கிழமை பேச முடிந்ததும் அவன் போலீஸிடம் சொன்னான்: ரேஸ் கிளம்பும் முன் டில்லிபாபு என் முன்சக்கரத்தருகே குந்தியிருந்தான். அவன்தான் நட்டைக் கழற்றி விட்டிருக்கிறான். இரண்டு வருடமாக முதலில் வருகிறவன் அவன். இந்த முறை நான் முந்திவிடுவேன் என்று பயந்துவிட்டான்.

குந்தியிருந்ததைப் பலர் பார்த்திருந்தார்கள்.

லாரி ஒருவழியாகத் திரும்பியது. மொபெட் இருமிக்கொண்டே கிளம்பியது.

ஸ்டேஷனில் ஏட்டு பிச்சையா வனமாமலைக்குத் தெரிந்தவர். லாக்கப் கம்பிக்கு அருகே ஐந்து நிமிடம் நிற்க விட்டார். டில்லிபாபு ஒல்லியாக, கெண்டைக்காலில் மட்டும் சதையோடு இருந்தான். கைநகங்களில் கிரீஸ் கறுப்பு.

"ஏன் குந்தினே?" என்றார் வனமாமலை.

"காத்து அடிச்சேன் சார். சம்முவந்தான் சொன்னான். முன்னாடி காத்து கம்மியா கீது, ரெண்டு அடி அடிச்சு வுட்றான்னு. அவன் கேட்டான், நான் அடிச்சேன்."

"அவன் கேட்டதை யாராச்சும் கேட்டாங்களா?"

"தெரில சார். ஒரே கூட்டம்."

"நட்டைத் தொட்டியா?"

"தொடல. பாக்கவே இல்ல." அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். "பாத்திருந்தா அவன் இன்னிக்கு நடந்துகினு இருப்பான்."

வெளியே வந்ததும் சுகப்பிரியா கேட்டாள். "நம்பறீங்களா சார்?"

"கழற்றினவனா இருந்தா, தொடலைன்னு சொன்னதோட நிறுத்தியிருப்பான். இவன் பாக்கலையேன்னு வருத்தப்படறான்."

"கோர்ட்டுல வருத்தத்தை எப்படி சார் தாக்கல் பண்றது?"

"அதுக்குத்தான் சைக்கிள்."

சைக்கிள் ஸ்டேஷன் பின்புறம், பிடிபட்ட மணல் மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. முன்சக்கரம் வலப்பக்கம் மட்டும் ஃபோர்க்கில் மாட்டிக்கொண்டு, இடப்பக்கம் வெளியே வந்து, முறிந்த சிறகு மாதிரி தொங்கியது. சண்முகசுந்தரத்தின் ரேஸ் எண் ஒட்டிய அட்டையில் காய்ந்த செம்மண்.

வனமாமலை தரையில் உட்கார்ந்தே விட்டார். அவர் விரல் சக்கரத்தின் நட்டுகளைக் காட்டியது.

"இந்தக் கலர் கோடெல்லாம் என்ன சுகா? அலங்காரமா?"

"இல்ல சார். எங்க கம்பெனி அசெம்ப்ளி லைன் வழக்கம். நட்டை இறுக்கினவன், நட்டுல ஆரம்பிச்சுப் பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் மார்க்கர்ல ஒரு கோடு இழுப்பான். அப்புறம் செக்கிங் ஆளு ரெஞ்சு வச்சுத் திருப்பிப் பாக்கணும். சரியா இருந்தா பக்கத்துலயே ஒரு பச்சைக் கோடு. பச்சை விழுந்திருச்சுன்னா அந்த நட்டை அதுக்கப்புறம் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

"சைக்கிளுக்குமா போடுவாங்க?"

"கம்பெனிப் பசங்க எதுக்கு வேணாலும் போடுவாங்க சார். எங்க ரூம்ல ஒருத்தி கேஸ் சிலிண்டருக்கே போட்டிருந்தா. லவ்வருக்கு மட்டும் போட மறந்துட்டா, கழண்டுட்டான்."

வனமாமலை சிரிக்கவில்லை. "வலப்பக்கத்துல என்ன இருக்கு?"

"மஞ்சள். பச்சை."

"இடப்பக்கம்?"

சுகப்பிரியா குனிந்தாள். இடப்பக்கத்து நட்டு அச்சின் கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. கோட்டின் ஒரு பாதி நட்டிலும் மறுபாதி ஃபோர்க்கிலும் இருந்தன. ஒரே ஒரு நிறம்.

"பச்சை மட்டும் சார்," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "மஞ்சளைக் காணோம்."

வனமாமலை பிச்சையாவிடம் ஸ்பேனர் கேட்டு வாங்கினார். வலப்பக்கத்து நட்டு லேசில் அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தித் திருப்ப வேண்டியிருந்தது. நட்டுக்குப் பின்னாலிருந்த விளிம்பில் பற்களுள்ள வாஷரை எடுத்ததும், ஃபோர்க்கின் சாம்பல் நிறப் பெயின்டில் வட்டமாகப் பல் பதிந்த தடம் தெரிந்தது. கடித்த கொய்யாக்காய் மாதிரி.

"இப்ப இடப்பக்கம் பாருங்க ஏட்டய்யா."

இடப்பக்கத்தில் பெயின்ட் வழவழவென்று இருந்தது. ஒரு பல் தடம்கூட இல்லை.

"இந்த ஃபோர்க் புதுசு. சனிக்கிழமை மத்தியானம் டில்லி கடையிலதான் சண்முகசுந்தரம் வாங்கியிருக்கான், கிளியம்மா காலைல சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் முதல் தடவையா சக்கரத்தை இதுல மாட்டியிருக்காங்க. ஒரு தடவை இறுக்கியிருந்தாலும் பல் பதிஞ்சிருக்கும். அப்புறம் எவன் கழற்றினாலும் தடம் போகாது." அவர் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். "இந்த நட்டை யாருமே இறுக்கல. இறுக்காத நட்டை எவனாலய்யா கழற்ற முடியும்?"

பிச்சையா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எனக்குப் புரியுது. இன்ஸ்பெக்டர் ஐயா இது மட்டும் போதும்னு சொல்ல மாட்டாரு. புகார் குடுத்தவன் மாத்திச் சொல்லணும். இல்ல, இந்தப் பச்சையப் போட்ட ஆளு வந்து, நான் பாக்காமப் போட்டேன்னு சொல்லணும். அதுவும் இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள."

வாசலில் கிளியம்மாள் தூக்குச்சட்டியோடு நின்றிருந்தாள். வனமாமலை முகத்தையே பார்த்தாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். அது எந்த அர்த்தத்தில் என்று சுகப்பிரியாவுக்கே தெரியவில்லை.

குவாரியில் வெயில் பாறையிலிருந்து திருப்பி அடித்தது. ரேஸ் நடத்தும் பையன் மணிகண்டபிரபு, முள்மரங்களில் கட்டியிருந்த வழிகாட்டி ரிப்பன்களை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தான். ராஜபாளையத்துக்காரன். சண்முகசுந்தரம் வேலை பார்க்கும் அதே ஆக்சில் கம்பெனியில், அதே லைனில் இருப்பவன்.

"இனிமே ரேஸே வேண்டாம்னு எல்லாரும் சொல்லுதாங்க," என்றான். "அதான் அவுக்கேன்."

இறக்கத்தைக் காட்டினான். லாரி இறங்கித் தேய்ந்த சரிவு, நடுவில் ஒரு திட்டு. ரேஸ்காரர்கள் அதற்கு ஓ.டி. மேடு என்று பெயர் வைத்திருந்தார்கள். தாண்டி முடிந்ததும் ஓவர்டைம் பார்த்த மாதிரி உடம்பு வலிக்கும்.

"அந்தத் திட்டுல சம்முவம் அண்ணன் வண்டியோட எழும்பினாரு. முன்னாடி டில்லி, அடுத்தது இவரு. எழும்பும்போது சிரிச்சாரு, நான் பாத்தேன். கீழ விழுந்து எந்திரிக்கல. டில்லிதான் வண்டியப் போட்டுட்டு முதல்ல ஓடி வந்தான். ரேஸ முடிக்கவே இல்ல அவன்."

"நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா ரேஸுக்கா?" என்றாள் சுகப்பிரியா.

"எல்லாரும் அப்படித்தான். வாரம் பூரா ஒரே எடத்துல நிக்கோம். ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் காலு நம்ம சொன்னதைக் கேக்கும்." சொல்லிவிட்டு, எதையோ மிதித்துவிட்டவன் போல நிறுத்தினான்.

வனமாமலை மெதுவாகக் கேட்டார். "உங்க லைன்ல பச்சை மார்க்கர் எல்லார்கிட்டயும் இருக்குமா?"

"இருக்காதுண்ணே. செக்கிங் ஆளுங்களுக்கு மட்டுந்தான் குடுப்பாங்க. எங்க லைன்ல செக்கிங்ல ரெண்டு பொண்ணுங்கதான். ஒண்ணு ஒடிசாக்காரப் பொண்ணு, ஊருக்குப் போயிருக்கு. இன்னொண்ணு நம்ம..." ரிப்பன் சுருள் அவன் கையிலிருந்து நழுவிச் சரிவில் உருண்டது. "என்ன கேக்கீங்க நீங்க?"

"யாருப்பா அது?"

"செல்வி அக்கா. சம்முவம் அண்ணனோட பொண்டாட்டி."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரை மொபெட்டில் சுகப்பிரியாவிடமிருந்து ஒரு நகைச்சுவைகூட வரவில்லை. வனமாமலை ஒரு முறை திரும்பிப் பார்த்தார், அவள் பின்னால் இருக்கிறாளா என்று.

வார்டில் சண்முகசுந்தரத்தின் மனைவி மாரிசெல்வி இல்லை. துணி அலசக் குழாயடிக்குப் போயிருப்பதாகப் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி சொன்னாள். சண்முகசுந்தரம் மல்லாந்து கிடந்தான். தோள்கள் இன்னும் ஓட்டக்காரனின் தோள்களாக இருந்தன. போர்வைக்குக் கீழே கால்கள், யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன சாமான் போல அசையாமல் கிடந்தன.

வனமாமலை ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "உங்க நட்டை யாரும் கழற்றல தம்பி."

"கழட்டினான் சார். டில்லிதான்."

"இடப்பக்கத்து ஃபோர்க்குல பல் தடம் இல்ல. மஞ்சள் கோடும் இல்ல."

லைனில் நின்றவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"செல்விகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

அவன் மூச்சு விட்டான். பிறகு கூரையைப் பார்த்தபடி சொன்னான்.

"சனிக்கிழமை ராத்திரி வண்டியத் தலைகீழா நிறுத்தி மாட்டிக்கிட்டு இருந்தேன். கரன்ட் போயிட்டு. வலது பக்கம் இறுக்கி மஞ்சள் போட்டேன். இடது பக்கம் கையால திருகி மட்டும் விட்டேன். அதுக்குள்ள கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிச்சான். செல்வி, ஒரு பார்வை பாத்துருன்னு சொல்லிட்டு ஓடிட்டேன். இடது பக்கம் இறுக்கலைன்னு சொல்லல சார். சொல்ல மறந்துட்டேன். காலைல அவ வண்டிய ஏரிக்கரைக்கே கொண்டாந்து வச்சிருந்தா. நான் பஸ்ஸை விட்டு இறங்கி நேரா வந்தேன். ரெண்டு பக்கமும் பச்சை இருந்துச்சு. ஏறிட்டேன்."

"அப்ப அதைச் சொல்லுங்க. நான் இறுக்க மறந்துட்டேன், தப்பு என்னோடதுன்னு. டில்லி வெளிய வந்துருவான்."

"நான் இறுக்கலைன்னு சொன்னா, செக் பண்ணது யாருன்னு அவ யோசிப்பாள்லா? இறுக்கியிருந்த நட்டைக் காலைல ஒருத்தன் வந்து கழட்டினான்னு சொன்னாத்தான், அது அவளை விட்டுப் போகும். வேற வழி எனக்குத் தெரியல. கண்ணு முழிச்சப்ப முதல்ல ஞாபகம் வந்தது டில்லி குந்தியிருந்ததுதான்."

"காத்து அடிக்கச் சொன்னது நீங்க."

"ஆமா."

"கிளியம்மாளுக்கு வேற பிள்ளை இல்ல."

"அவன் கொஞ்ச நாள்ல வந்துருவான் சார். நடந்து வருவான்." சண்முகசுந்தரம் உணர்வற்ற தொடையில் கையை வைத்தான். "இவ ஆயுசுக்கும் என்னையத் தூக்கிச் சுமக்கணும். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் நம்மாலதானேன்னு நினைக்கணுமா? நான் மாத்திச் சொல்ல மாட்டேன். நீங்க என்ன வேணா செய்ங்க."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வெளித் தாழ்வாரத்தில் வனமாமலை வெகுநேரம் கைகட்டி நின்றார். எத்தனையோ பொய்யர்களை மடக்கியவர். இந்தப் பொய்யை எந்தப் பக்கம் பிடித்து இழுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அந்தப் பொண்ணைத்தான் கேட்டாகணும்," என்றார் கடைசியில்.

"நான் போறேன் சார். நீங்க கேட்டா அது விசாரணை. நான் கேட்டா ரெண்டு பொம்பளைங்க பேசுறது."

குழாயடியில் மாரிசெல்வி போர்வையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். சின்ன உருவம். கம்பெனிச் சீருடையின் மேல்சட்டையையே இன்னும் போட்டிருந்தாள். சுகப்பிரியா வாளியின் மறுபக்கம் உட்கார்ந்து போர்வையின் ஒரு முனையைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து முறுக்கினார்கள்.

"நீங்க டில்லி பக்கத்து ஆளா?" என்றாள் மாரிசெல்வி.

"ஆமாக்கா."

"அந்தப் பையன் சாப்பிட்டானா?"

சுகப்பிரியா எதிர்பார்த்த கேள்வி அதுவல்ல. மனப்பாடம் செய்து வந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று.

"அவங்கம்மா கொண்டுபோய்க் குடுத்தாங்க."

"காத்து அடிக்கச் சொன்னது இவருதான்," என்றாள் மாரிசெல்வி, போர்வையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் தண்ணி பாட்டிலோட பக்கத்துலயே நின்னேன். என் காதால கேட்டேன். புதன்கிழமை போலீஸ்காரங்க வந்தப்ப வேற மாதிரிச் சொல்லுதாரு. என்னடா இது, எதுக்கு இப்படிச் சொல்லுதாருன்னு மூஞ்சியப் பாத்தேன். அவர் என்னையப் பாக்கவே இல்ல. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது."

தண்ணீர் முறுக்கிலிருந்து சொட்டியது.

"லைன்ல நாங்க ரெண்டு பேரு எதிரும் புதிருமா நிப்போம். நான் வலது பக்கம் ரெஞ்சு வச்சுப் பாப்பேன். அந்த ஒடிசாப் பொண்ணு இடது பக்கம் பாத்துட்டு ஓகேன்னு சொல்லும். மார்க்கர் என் கையில. ரெண்டு பக்கமும் நான்தான் பச்சை இழுக்கணும். வாரம் பூரா வலதுக்கு ரெஞ்சு, ரெண்டுக்கும் கோடு. வலதுக்கு ரெஞ்சு, ரெண்டுக்கும் கோடு." அவள் கை காற்றில் ஒருமுறை வலப்பக்கம் திருப்பி, இரண்டு கோடு இழுத்தது. "சனிக்கிழமையும் அப்படித்தான் செஞ்சிருக்கேன். செல்போன் வெளிச்சத்துல. மஞ்சள் இருந்துச்சா இல்லையான்னு கண்ணு பாக்கல. எதிர்ல யாரும் இல்லையேன்னு கைக்குத் தெரியல."

சுகப்பிரியாவுக்கு அந்த அசைவு தெரியும். அவள் கையும் அதைத்தான் ஆயிரக்கணக்கான தடவை செய்தது.

"புதன்கிழமையே சொல்லியிருக்கலாமேக்கா."

"தண்ணி நான் ஊட்டுதேன். திருப்பிப் படுக்க வைக்கது நான். ஒண்ணுக்குப் போனா எடுக்கது நான். அவரா எனக்குன்னு செய்யுறது இந்தப் பொய் ஒண்ணுதான். அதையும் வேண்டாம்னு சொன்னா, அவர்கிட்ட வேற என்ன மிச்சம் இருக்கு?" போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். ஈரம் சட்டையில் இறங்கியது. "ஆனா ரெண்டு நாளா அந்தக் கிளியம்மா மூஞ்சி கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது. பயலை இன்னைக்குப் பிடிச்சிட்டாங்கன்னு காலைல கேள்விப்பட்டதுல இருந்து பச்சைத் தண்ணி இறங்கல. ஸ்டேஷனுக்கு என்னையக் கூட்டிட்டுப் போறீங்களா? ஒண்ணே ஒண்ணு. நான் சொன்னேன்னு இவருக்குத் தெரியக் கூடாது."

"எத்தனை நாளைக்குக்கா மறைக்க முடியும்?"

"உக்கார வைப்பாங்களாம் கொஞ்ச நாள்ல. உக்காந்து என்னைய ஏசுற அளவுக்குத் தெம்பு வரட்டும். நானே சொல்லிருதேன். படுத்துக் கெடக்கவர்கிட்ட சொல்ல முடியாது."

வனமாமலை மறுபடி வார்டுக்குள் போனார். சுகப்பிரியா கதவருகே நின்றாள். பொய் சொல்ல வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிடுவது அவர் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால்கூட அப்படித்தான்.

"போலீஸுக்கு ஆதாரம் பத்தலையாம்," என்றார் அவர். "டில்லியை விட்டுருவாங்க."

"செல்விக்கு?"

"ஒண்ணும் தெரியாது. அவன்தான் செஞ்சான்னு நம்பறாங்க. மருந்து வாங்க வெளிய போகணுமாம், கொஞ்சம் நேரமாகும்னு சொல்லச் சொன்னாங்க."

சண்முகசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான். "நல்லா இருப்பீங்க சார்," என்றான்.

வெளியே வந்த வனமாமலை படியில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் நடந்தார்.

ஸ்டேஷனில் அதிக நேரம் ஆகவில்லை. இன்ஸ்பெக்டர் சைக்கிளைத் தானே குனிந்து பார்த்தார். மாரிசெல்வி சொன்னதை எழுதி வாங்கினார். புருஷனிடம் பிறகு வாங்க வேண்டிய கையெழுத்தை மெதுவாக வாங்கிக்கொள்ளலாம், அவசரமில்லை என்றார். டில்லிபாபு பெல்ட்டையும் செருப்பையும் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

கிளியம்மாள் மகனைக் கட்டிக்கொள்ளவில்லை. மாரிசெல்வியின் எதிரில் போய் நின்றாள்.

"புதன்கெயமையே உனுக்குத் தெரியும்?"

"தெரியும்மா."

"தெரிஞ்சிகினே வாய மூடிகினு இருந்த."

"ஆமாம்மா."

கிளியம்மாளின் கை உயர்ந்தது. அடிக்கப் போகிறாள் என்று நினைத்துச் சுகப்பிரியா ஓரடி முன்னால் வைத்தாள். கை பாதியில் நின்று, தன் முந்தானையைப் பிடித்து மூக்கைச் சிந்தியது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள் மாரிசெல்வி. "நான் இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா, டில்லியை விட்டுட்டாங்கன்னு அவர் சொல்லுவாரு. நான் டில்லியைத் திட்டணும். திட்டலைன்னா அவருக்குச் சந்தேகம் வந்துரும். அவர் உக்காருற வரைக்கும் தெனமும் திட்டுவேன். நீங்க பொறுத்துக்கிடணும்."

பிச்சையா தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சுகப்பிரியா வனமாமலையைப் பார்த்தாள். அவர் மணல் மாட்டுவண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பொம்பளடி நீ," என்றாள் கிளியம்மாள் கடைசியில். "திட்டிக்கோ. அவன் அப்பன மட்டும் பேச்சுல இஸ்க்காத. செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான்."

மாரிசெல்வி கைகூப்பினாள். அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரமாகிவிட்டது, பஸ் எங்கே நிற்கும் என்று சுகப்பிரியாவிடம் கேட்டாள்.

அதுவரை ஒதுங்கி நின்ற டில்லிபாபு, அம்மா ஓட்டி வந்து நிறுத்தியிருந்த பழைய ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினான்.

"ஏறுங்க அண்ணி. ஆஸ்பத்திரி கேட்டாண்ட வுட்டுட்டு அப்படியே திரும்பிடறேன். உள்ள வர மாட்டேன்."

அவள் தயங்கினாள். பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்து, ஈரப் போர்வையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னன்னு திட்டறதுன்னு தெரியல தம்பி," என்றாள். "உங்களைப் பத்தி எனக்குக் கெட்டது ஒண்ணும் தெரியாதே."

டில்லிபாபு கொஞ்சம் யோசித்தான். என்ஜின் படபடத்துக்கொண்டிருந்தது.

"போன வருசம் ரேஸ்ல, ஏரிக்கர திருப்பத்துல சம்முவம் எனக்கு முன்னாடி பூட்டான். நான் வோணும்னே குறுக்க வுட்டேன். அவன் பிரேக் புடிச்சான், நான் புடிக்கல. அதான் நான் ஃபர்ஸ்ட். அவன் யார்கிட்டயும் சொல்லல. அத்தச் சொல்லித் திட்டுங்க. நெசந்தான் அது. அவன் நம்புவான்."

ஸ்கூட்டர் ரோட்டில் ஏறியது. ஷிஃப்ட் விட்ட பஸ்களுக்கு நடுவே போகும்போது, மாரிசெல்வியின் உதடுகள் அசைவதைச் சுகப்பிரியா பார்த்தாள். ஏரிக்கரைத் திருப்பத்தில் குறுக்கே விட்ட பாவி. ஏரிக்கரைத் திருப்பத்தில் குறுக்கே விட்ட பாவி. அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, விழுந்துவிடாமல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டே போனாள்.